ஆசானுக்கு முத்திரை இடுவது யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தென்காசிச் சந்தையில் காய்கறி விற்பவர் எவரும் முத்திரை இல்லாத தராசையும் படிக்கற்களையும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யக் கூடாது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் தம்மிடம் உள்ள எடைகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பார்; சரியாக இருந்தால் முத்திரை இடுவார். இது நாம் அறிந்ததே. ஆனால் அந்த ஆய்வாளருடைய எடைகளைச் சரிபார்ப்பவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவருடைய எடைகளை அவற்றினும் துல்லியமான இரண்டாம் நிலைப் படித்தரத்தோடும், அதனை அதற்கும் மேலான படித்தரத்தோடும் ஒப்பிடுகின்றனர். இப்படியே ஏறிக்கொண்டு போனால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பாதுகாக்கப்படும் 57-ஆம் எண் கிலோகிராம் உருளை வரை சென்று நிற்போம். 2019 மே 20 முதல் அந்த உருளைகளுக்கும் மேலே பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை மாறிலியையே அறிவியலார் அமர்த்திவிட்டனர். கால் கிலோ கத்தரிக்காய்க்குப் பின்னால் இவ்வளவு நீண்ட ஏணி!

நம் உயிரைக் காக்கும் மருத்துவருக்குப் பின்னால் இத்தகைய ஏணி உண்டா? நோயாளியைப் பார்க்கும் இளம் மருத்துவரை மூத்த மருத்துவர் பழக்குகிறார். அந்த மூத்தவருக்கு, மருத்துவத்தை அல்ல, பழக்கும் கலையைப் பழக்கியவர் யார்? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

இயற்பியல் மாணவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். எங்கள் தந்தையார் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். மாலை வேளைகளில் கல்லாவில் நிற்பதும் கிளாஸ் கழுவுவதும் என் பொறுப்பு. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் அங்கே நின்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு உண்டான ஆர்வமே இந்தப் பொருளைத் தேடிப் படிக்கச் செய்தது. மேலும், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடத்தைச் சொல்லித் தருவதற்கு என் வீட்டில் ஒருவரும் இல்லாததால், சொல்லித்தருவது என்பது எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

ஃபெல்லோஷிப் என்பது யாது?

எம்.பி.பி.எஸ். படிப்பு, முடிவில் வரும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று ஆண்டுகள். இவ்வளவும் முடித்த பிறகும், விழித்திரை, முதுகெலும்பு, கையின் நுண் அறுவை, தீவிர சிகிச்சை என்று ஒரு சிறு துறையில் ஆழ்ந்து பழக விரும்புகிறவர்கள் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் மேலும் ஓரிரு ஆண்டுகள் இருந்து பழகுகின்றனர். இதற்குத்தான் ஃபெல்லோஷிப் என்று பெயர். 1975-இல் தோன்றிய தேசியத் தேர்வு வாரியம் இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு மருத்துவமனைகளை ஏற்று, முடிவில் தேர்வு வைத்து எஃப்.என்.பி. என்னும் தகுதியை வழங்குகிறது. கோவை கங்கா மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவைக்கும் கை அறுவைக்கும் இப்பயிற்சி உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் கண்ணின் பல்வேறு பிரிவுகளில் தானே இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறது.

இந்தப் பயிற்சிக்குத் தலைவராக ஒரு மருத்துவர் இருப்பார். அவரைப் பயிற்சி இயக்குநர் என்று சொல்லுவோம். யாரைச் சேர்ப்பது, எந்த மாதம் எந்த வேலையைக் கொடுப்பது, கத்தியை எப்போது கையில் தருவது, தந்தபின் எப்போது திரும்ப வாங்குவது, இவர் இனித் தனியே செய்யலாம் என்று எந்த நாளில் கையெழுத்திடுவது ஆகிய யாவும் அவர் கையில். பயிற்சிக்கு வருவோர் முப்பது வயதை ஒட்டியவர்கள், ஏற்கெனவே முழு மருத்துவர்கள், பலர் குடும்பஸ்தர்கள். அவர்களைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல நடத்தவும் முடியாது, நோயாளியின் உயிர் இருக்கிறபடியால் அவர்கள் போக்கிலேயே விட்டுவிடவும் முடியாது.

இத்தகைய பொறுப்புக்கு ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவர் சிறந்த மருத்துவர், மூத்தவர், கைராசிக்காரர் என்பதாலே. ஒன்றாம் வகுப்புக்கு அகரம் சொல்லித்தர வேண்டுமானாலும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு பி.எட். வேண்டும். கண்ணுக்குள் கத்தியை வைக்கச் சொல்லித்தருகிறவருக்கு நெடுங்காலம் அப்படி எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. (கல்லூரி ஆசிரியர்களுக்கும் பி.எட். கேட்பதில்லையே என்று சக மாணவர் ஒருவர் சொன்னார். அகமதிப்பெண் இன்னும் போடாத நிலையில் நான் அந்த விவாதத்துக்குள் போக விரும்பவில்லை.)

கை அறிந்ததை வாய் சொல்லுமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆச்சிக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். நீரை எடுப்பதற்கு ஊசியோடு ஓர் இளம் மருத்துவர் வந்தார். பக்கத்தில் பெரிய மருத்துவர் நின்றார். இளைஞரின் கை சற்றுத் தயங்கியது. பெரியவர் "இது கூடத் தெரியாமல் எப்படி எம்.டி.க்கு வந்தாய்?" என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஊசியைப் பிடுங்கி, ஒரே குத்தில் வேலையை முடித்தார். அற்புதமான கை, ஆச்சி முகம் கூடச் சுளிக்கவில்லை. ஆனால் அவர் போனபிறகு ஆச்சி சொன்னது இதுதான்: "ஏன்யா அந்தப் புள்ளைய ஏசுதாரு? படிக்க வந்த புள்ளதான?"

அன்று அந்த இளைஞர் கற்றது என்ன? ஊசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதை அவர் கற்கவில்லை. பெரியவர் இருக்கும்போது தயங்கக் கூடாது என்பதை மட்டும் கற்றிருப்பார். அது நோயாளிக்கு ஆபத்தான பாடம் என்பது என் எண்ணம். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பதிலாக மறைத்துக்கொள்ளும் மருத்துவர் அங்கேதான் உருவாகிறார்.

பெரியவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். பல்லாயிரம் முறை செய்த வேலை கையோடு ஒட்டிப்போய்விடுகிறது. எப்படிச் செய்கிறோம் என்பது செய்கிறவருக்கே மறந்துபோகிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த எவரையேனும், விழாமல் இருப்பது எப்படி என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். தேர்ச்சி மிக மிகச் சொல்லத் தெரியாமை மிகுகிறது. ஆகவே திறமை மிக்கவரையே பயிற்சி இயக்குநராக்கும் வழக்கத்தில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது.

பஃபலோவிலிருந்து புதுச்சேரிக்கு

மருத்துவமனையிலேயே தங்கிப் படிப்படியாகப் பொறுப்பேற்றுப் பழகும் முறையை, 1889-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒழுங்குபடுத்தினார். உலகம் முழுவதும் அது பரவியது. "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்று மருத்துவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. பார்ப்பதும் செய்வதும் சரி. மூன்றாவதாக வரும் கற்றுக்கொடுத்தல், ஒருமுறை செய்துவிட்ட மாத்திரத்தில் தானே வந்துவிடும் என்று அந்த வழக்கு எண்ணிக்கொள்கிறது. சிக்கல் முழுவதும் அந்த மூன்றாவது சொல்லில்தான் இருக்கிறது.

1950-களின் நடுவில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்னும் மருத்துவர் ஒரு புதுமை செய்தார். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களையும் கல்வியியல் துறைப் பேராசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். மருத்துவம் தெரிந்தவர்களுக்குக் கற்பித்தல் தெரியாது. கற்பித்தல் தெரிந்தவர்களுக்கு மருத்துவம் தெரியாது. இரண்டு கூட்டமும் பேசிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். 1959-இல் அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மருத்துவக் கல்வி ஆய்வுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். 1990-இல் அவர் வரைந்த கூம்பு இன்று மருத்துவக் கல்வி பேசும் எல்லோருக்கும் தெரியும். அடித்தளத்தில் 'தெரியும்', அதன்மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கும் மேல் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'அன்றாடம் செய்கிறார்'. எழுத்துத் தேர்வு அடித்தளத்தை மட்டுமே அளக்கும். நோயாளிக்கு வேண்டியதோ உச்சி.

நம் பக்கத்தில் இதற்கு முதல் விளக்கு ஏற்றிய இடம் புதுச்சேரி. 1970-களின் நடுவில் அங்கே ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் அங்கே போய் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். 1997-இல் இந்திய மருத்துவக் குழுமம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவக் கல்விப் பிரிவு ஒன்று இருக்க வேண்டுமென்று விதித்தது. 2009 முதல் மண்டல மையங்கள் அமைத்து ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பயிற்சியும் தரத் தொடங்கினர்.

இவற்றினும் ஆழமானது, ஃபெய்மர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பின் பயிற்சி. 2000-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உருவான இந்த அமைப்பு, இந்தியாவில் 2005-இல் மும்பையிலும், 2006-இல் லூதியானாவிலும், 2007-இல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியிலும் மண்டல நிலையங்களை நிறுவியது. மருத்துவ ஆசிரியர்களுக்கே இரண்டாண்டு ஃபெல்லோஷிப்! சில நாள்கள் கூடிக் கற்பார்கள். பிறகு தத்தம் கல்லூரிக்குத் திரும்பி அங்கே ஒரு மாற்றத்தைச் செய்து காட்டுவார்கள். ஏணியின் அடுத்த படி இப்படித்தான் கோவை வரை வந்து சேர்ந்தது.

குற்றாலத்தில் கிடைத்த பாடம்

ஓய்வு பெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் சாரல் காலத்தில் குற்றாலம் வந்து தங்குவார். எங்கள் துறை ஆசிரியர் ஒருவருக்கு உறவினர். பல ஆண்டுகள் மேற்பயிற்சி மருத்துவர்களை உருவாக்கியவர். ஐந்தருவிச் சாலையில் அவர் தங்கியிருந்த விடுதித் தாழ்வாரத்தில் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அருவியில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டே பேசினார். அவர் சொன்னவற்றை இயன்றவரை அப்படியே தருகிறேன்.

"ஐயா, நீங்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனதுண்டா?"

"போனேன் தம்பி. எனக்கு அப்போ நாற்பத்தஞ்சு வயசு. டிபார்ட்மெண்டுக்கே தலைவர். என்னைப் போய் உட்கார்ந்து படிக்கச் சொல்றாங்களேன்னு எரிச்சலோடதான் போனேன். முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள்ட்ட ஒரு வருஷம் இருந்துட்டுப் போற டாக்டருக்கு என்ன வரணும்னு எழுதுங்கன்னாங்க. 'இதய நோய்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்'னு எழுதிக் கொடுத்தேன். அதை நடத்தினவர் என்னைவிட வயசுல சின்னவர். 'தெரிந்திருக்க'ங்கிற வார்த்தையைச் சுழிச்சுட்டு, 'சார், தெரிஞ்சிருக்குன்னு நீங்க எப்படிப் பார்ப்பீங்க?'ன்னு கேட்டார். எனக்குப் பதில் இல்லை."

மதியம் வரை அந்த ஒரே வரியை அவர் திருத்தித் திருத்தி எழுதினாராம். கடைசியில், "மூச்சுத் திணறலோடு வரும் நோயாளியைப் பரிசோதித்து, காரணம் இதயமா நுரையீரலா என்று பத்து நிமிடத்தில் பிரித்துச் சொல்லுவார், சொன்னதற்குக் காரணமும் காட்டுவார்" என்று வந்ததாம். இதில் கண்ணால் பார்க்கக்கூடிய செயல் இருக்கிறது. அளக்கக்கூடிய நேரம் இருக்கிறது. நம் ஆய்வகத்தில் 'கம்பி மெல்லியது' என்று பதிவேட்டில் எழுதினால் ஏற்பார்களா? திருகு அளவியை வைத்து மில்லிமீட்டரில் எழுது என்பார்கள். அதுவேதான் இது.

"அடுத்த நாள் அஞ்சு நிமிஷம் பாடம் நடத்தச் சொல்லிப் படம் பிடிச்சுப் போட்டுக் காட்டினாங்க. இருபது வருஷமாப் பாடம் நடத்துறவன் நான். அந்த அஞ்சு நிமிஷத்துல ஒரு தடவை கூட நான் எதிர்ல இருந்தவங்க முகத்தைப் பார்க்கலை. கரும்பலகைக்கே பாடம் நடத்தியிருக்கேன்!" என்று சொல்லிச் சிரித்தார்.

இயக்குநருக்கு வேறு எவையெல்லாம் கற்க வேண்டியிருந்தன என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசியது அருகில் நின்று பார்ப்பதைப் பற்றியே. பயிற்சி மருத்துவர் நோயாளியிடம் பேசுவதையும் தொட்டுப் பரிசோதிப்பதையும் மூத்தவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. பரிசோதித்து வந்து சொல்லும் அறிக்கையைத்தான் கேட்கிறார்கள். அறிக்கை அழகாக இருந்தால் பரிசோதனையும் அழகாக இருந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். இதற்கு மாற்றாக அமெரிக்காவில் ஜான் நார்சினியும் அவருடன் பணியாற்றியோரும் 1995-இல் ஒரு முறையை வெளியிட்டனர். இயக்குநர் சுமார் இருபது நிமிடம் வாய் திறவாமல் நின்று பார்க்க வேண்டும். பிறகு சில நிமிடம், நன்றாக இருந்தது எது, திருத்த வேண்டியது எது என்று தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் வெவ்வேறு நோயாளிகளிடம், வெவ்வேறு மூத்தவர்கள் இப்படிப் பார்ப்பார்கள். ஒரே ஒருவர் ஒரே ஒருமுறை பார்த்தால் அவருடைய விருப்பு வெறுப்பு கலந்துவிடும். பலமுறை எடுத்த அளவீடுகளின் சராசரிக்குத்தான் மதிப்பு. நார்சினியே பின்னாளில் மேலே சொன்ன ஃபெய்மர் அமைப்பின் தலைவரானார்.

"வாய் திறவாமல் நிற்பதுதான் கஷ்டம், தம்பி. கை பரபரக்கும். பிடுங்கிச் செய்துடலாம்னு தோணும். நோயாளிக்கு ஆபத்துன்னா அந்தக் கணமே பிடுங்கணும். ஆபத்து இல்லை, நேரம்தான் ஆகுதுன்னா பொறுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு எதுன்னு யாரும் எனக்குச் சொல்லித்தரலை. அதுக்கும் பயிற்சி வேணும்."

எங்கள் ஆச்சியின் கதையை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பெரிய டாக்டரையும் யாரோ அப்படித்தான் பிடுங்கியிருப்பாங்க" என்றார்.

பயிற்சிக் குறிப்பேடு பற்றியும் கேட்டேன். பயிற்சி மருத்துவர் செய்த ஒவ்வொரு சிகிச்சையையும் எழுதி மூத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஏடு அது. வருடக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதி, ஒரே மூச்சில் கையெழுத்தாகும் ஏடுகளைத் தாம் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். நம் செய்முறைப் பதிவேடுகளைப் பற்றி அவருக்கு யாரேனும் சொல்லியிருப்பார்களோ என்று ஒரு கணம் ஐயுற்றேன்.

வளைந்த விரல்களின் ஆசான்

பயிற்சி இயக்குநர் என்றதும் தென்பாண்டி நாட்டார் நினைவுகூர வேண்டிய ஒருவர் உண்டு. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து இராணுவ மருத்துவரானவர். கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, விரல்கள் வளைந்துபோயின. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தாமே தம்மைப் பழக்கிக்கொண்டு கண் மருத்துவரானார். வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல், தமது 58-ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 1988-இல் திருநெல்வேலியிலும் அதன் கிளை வந்தது. 2006-இல் அவர் மறைந்தார்.

அவர் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இயல்பான கை உடையவர்களுக்குத் தாமாக வந்துவிடும் ஒவ்வோர் அசைவையும் அவர் தனித்தனியே பிரித்துப் பார்த்து மீண்டும் கற்க வேண்டியிருந்தது. அப்படிக் கற்றவரால்தான் பிறருக்குப் பிரித்துச் சொல்ல முடியும். கிராமத்துப் பெண்களை அழைத்து இரண்டாண்டு பழக்கி, கண் சிகிச்சையின் பல படிகளை அவர்கள் கையில் ஒப்படைக்கும் அரவிந்தின் முறை, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கே கைவரும் முறையாகும்.

அறுவை சிகிச்சையைப் படிகளாகப் பிரித்து மதிப்பிடும் அட்டவணைகளைச் சர்வதேசக் கண் மருத்துவக் குழுமமும் உருவாக்கியிருக்கிறது. கண்புரை அறுவையில் வெட்டுப் போடுவது, உறையைத் திறப்பது, புரையை வெளியே எடுப்பது, வில்லையை வைப்பது என்று ஒவ்வொரு படிக்கும் புதியவர் எப்படிச் செய்வார், தேர்ந்தவர் எப்படிச் செய்வார் என்று சொற்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். "பையன் பரவாயில்லை" என்ற ஒற்றை வார்த்தைச் சான்றிதழுக்கு அங்கே இடமில்லை. எந்தப் படியில் கை தடுமாறுகிறது என்று பயிற்சி பெறுபவருக்கே தெரியும்.

இயக்குநர் வேலை கற்பிப்பதோடு முடிவதும் இல்லை. பணி நேரப் பட்டியல், உதவித்தொகை, விடுப்பு, கருவிகள், மனத்தாங்கல்கள் யாவும் அவர் தலையில் விழும். 1992-இல் அரவிந்த் தொடங்கிய லைக்கோ என்னும் நிறுவனம், கண் மருத்துவமனை நடத்துவோருக்கு நிர்வாகத்தையே பாடமாகச் சொல்லித்தருகிறது. வெளிநாடுகளிலிருந்தும் மதுரைக்கு வந்து கற்றுப் போகின்றனர்.

தூங்காத கண்கள்

இங்கே பணி நேரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சையன் என்ற 18 வயது மாணவி, சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். நெடுநேரம் ஓய்வின்றி வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்களே அவரைக் கவனித்தவர்கள் என்பது பெரும் விவாதமாயிற்று. 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு வகுத்தது. 2003-இல் அந்த நாடு முழுவதற்கும் அது விதியாயிற்று. நம் நாட்டிலோ 1992-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணையே தொடர்ச்சியாக 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவைச் சொல்லியிருந்தது. எங்கள் கடைக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் இந்த 48 மணிக் கணக்கைச் சொன்னால் தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரிக்கிறார்கள்.

ஆணை காகிதத்தில் இருக்க, பணிப் பட்டியலை எழுதுகிறவர் பயிற்சி இயக்குநர்தான். தாம் 36 மணி நேரம் விழித்திருந்து படித்தவர், அடுத்தவரும் அப்படியே இருக்கட்டும் என்று எண்ணுவது இயல்பு. களைப்புற்ற மூளை எப்படித் தவறு செய்கிறது, மனம் உடைந்தவரை எந்த அடையாளத்தால் கண்டுகொள்வது, கண்டபின் யாரிடம் அனுப்புவது என்பதெல்லாம் அவர் படித்த மருத்துவப் பாடத்தில் இருந்திருக்கும், நோயாளிகளுக்காக. தம்மிடம் பயில்பவருக்கும் அதைப் பொருத்திப் பார்க்க யாராவது அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

இனித் தென்காசிக்கு வருவோம்

இவையெல்லாம் மதுரைக்கும் கோவைக்கும் உரிய சங்கதிகள், நமக்கென்ன என்று கேட்கலாம். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் நம் மாவட்டம் இல்லை. ஆகவே மருத்துவம் கற்பித்தல் என்பது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் திருநெல்வேலியில் நடக்கும் காரியம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால் 2020 செப்டம்பரில் வந்த ஒரு விதி இந்த எண்ணத்தை மாற்றியது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையிலோ மாவட்ட சுகாதாரப் பணிகளிலோ பயிற்சி பெற வேண்டும். அதற்கு மாவட்டத்தில் ஒருங்கிணைப்பாளராக ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். அதாவது, மருத்துவக் கல்லூரியில் ஒருநாளும் பாடம் நடத்தாத, காலை முழுவதும் வெளிநோயாளிகளின் நீண்ட வரிசையைப் பார்த்து முடிக்கவே நேரம் போதாத மாவட்ட மருத்துவர், ஒரே நாளில் பயிற்சி இயக்குநர் ஆகிவிட்டார். 2025 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 220-க்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள அரசு மருத்துவமனைகளில் பத்தாண்டு பணியாற்றிய சிறப்பு மருத்துவர்கள் இணைப் பேராசிரியராகவும் தகுதி பெறலாம் என்று விதி செய்தது. ஆசிரியர் பற்றாக்குறைக்கு இது தீர்வு என்பதை மறுப்பதற்கில்லை. எனக்கும் இதில் மகிழ்ச்சியே. நம் ஊர் மருத்துவர்களின் அனுபவம் எந்தப் பேராசிரியரின் அனுபவத்துக்கும் குறைந்ததன்று. பாம்புக் கடியையும் வயலில் பூச்சிமருந்து குடித்தவரையும் அவர்கள் பார்த்த அளவுக்குப் பெருநகரத்துப் பேராசிரியர் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பார்த்த அனுபவம் வேறு, அதைப் பகுத்துக் கொடுக்கும் வித்தை வேறு என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லி வருகிறேன்.

ஒரு மாலையில் பயிற்சிக்கு வந்திருந்த பெண் மருத்துவர் ஒருவர் தம் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க காலேஜ்ல ரெண்டு வருஷத்துல நான் கேஸ் பார்க்கிறதை யாரும் கூட நின்னு பார்த்ததில்லைடி. இங்க வந்த முதல் வாரமே சார் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டார். ஒண்ணுமே பேசலை. கடைசியில, 'இதுல எது உனக்குக் கஷ்டமா இருந்தது?'ன்னு மட்டும் கேட்டார்." எந்தப் பயிற்சியும் பெறாமலே சிலருக்கு இது கைவருகிறது. அத்தகையோர் இருப்பதாலேயே மற்றவர்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று ஆகாது. எடை சரியாக இருக்கிறது என்று வியாபாரி சொன்னால் ஆய்வாளர் திரும்பிப் போய்விடுகிறாரா?

அமெரிக்காவில் 1981-இல் ஏற்பட்ட பட்டமேற்படிப்பு மருத்துவப் பயிற்சிக் குழு, பயிற்சி இயக்குநரின் வாரத்தில் ஒரு பகுதியை அந்த வேலைக்கென்றே ஒதுக்கித் தர வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. நம் மாவட்ட மருத்துவருக்கும் முதலில் வேண்டியது அதுதான்: வாரத்தில் ஓர் அரை நாள். அந்த நேரத்தில் வெளிநோயாளிகளைப் பார்க்க வேறொருவர். இது இல்லாமல் எத்தனை கையேடுகளை அனுப்பினாலும் அவை பீரோவுக்குள்தான் போகும்.

இரண்டாவது, பயிற்சியைத் தேடி அவர் கோவைக்கும் சென்னைக்கும் அலையாதபடி பயிற்சி இங்கே வருவது. ஃபெல்லோஷிப் முடித்த மருத்துவ ஆசிரியர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பலர் இருக்கின்றனர். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களின் ஒருங்கிணைப்பாளர்களை ஆண்டுக்கு இருமுறை இரண்டு நாள்கள் கூட்டினால் போதும். தாளைக் கொடுத்து, மூன்று மாதத்தில் உங்களிடம் வருகிறவர் எதைச் செய்யக் கற்றுப் போவார் என்று எழுதச் சொல்லலாம். ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டலாம். இடத்துக்கும் பஞ்சமில்லை. ஐப்பசி அடைமழை ஓய்ந்து அருவிகள் மெலியும் தை, மாசி மாதங்களில் குற்றாலத்து விடுதிகளில் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன.